பிரகாஷ் சிங் பாதல்: முக்கால் நூற்றாண்டு அரசியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பாதல்?

பஞ்சாபில் ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவர். சிரோமணி அகாலி தளம் என்ற கட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்து, அதைத் தன் குடும்பத்தின் கையில் விட்டுப்போனவர். 1927 டிசம்பர் 8 அன்று மலோட் அருகே அபுல் குரானா கிராமத்தில் பிறந்தார். 2023 ஏப்ரல் 25 அன்று மொஹாலியில் 95 வயதில் காலமானார். சொந்த ஊர் முக்த்சர் மாவட்டத்தில் உள்ள பாதல். ஊர்ப் பெயர்தான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நிலபுலம் உள்ள ஜாட் சீக்கியக் குடும்பம். படிப்பு, பிரிவினைக்கு முந்தைய லாகூரில், ஃபார்மன் கிறிஸ்தவக் கல்லூரியில்.

1947-இல் ஊர் சர்பஞ்ச் ஆனதிலிருந்து தொடங்கியது அவருடைய பொதுவாழ்வு. நம்மூர்க் கணக்கில் ஊராட்சித் தலைவர். கடைசித் தேர்தல் 2022-இல். நடுவே எழுபத்தைந்து ஆண்டுகள்.

அகாலி தளம் மதக் கட்சியா, மாநிலக் கட்சியா?

இரண்டும்தான். பாதலைப் புரிந்துகொள்ள இது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடலாம்.

குருத்வாராக்கள் மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகளின் பிடியில் இருந்தன. அவற்றை மீட்க நடந்த போராட்டத்தில், 1920-இல் பிறந்த கட்சி அகாலி தளம். அந்தப் போராட்டத்தின் பலனாக 1925-இல் சீக்கிய குருத்வாரா சட்டம் வந்தது. அதன்படி சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி என்ற அமைப்பு, சீக்கிய வாக்காளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பாக ஆனது. பொற்கோயில் உட்பட முக்கிய குருத்வாராக்கள் அதன் கையில். இன்று அதன் ஆண்டு வரவுசெலவு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகளையும் அது நடத்துகிறது. அகால் தக்த் என்ற உச்ச சமய பீடத்தின் ஜத்தேதாரை, அதாவது தலைமைப் பொறுப்பாளரை, நியமிப்பதும் அதே கமிட்டிதான்.

தமிழ்நாட்டில் கோயில்களை அறநிலையத் துறை என்ற அரசுத் துறை பார்த்துக்கொள்கிறது. பஞ்சாபில் அப்படியில்லை. கமிட்டித் தேர்தலில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் கையில் மேடை, பணம், வேலைவாய்ப்பு, சமய அங்கீகாரம் எல்லாமே வந்துவிடும். ஆட்சியில் இல்லாத காலத்திலும் அகாலிகளுக்கு ஓர் அரசாங்கம் இருந்தது என்றே சொல்லலாம். கட்சி, கமிட்டி, அகால் தக்த் என்ற இந்த மூன்று சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்தவர் பாதல். அவருக்கு முன்னால் அதைச் செய்தவர் யாருமில்லை.

அவர் முதலில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.வா?

ஆமாம். 1957-இல் மலோட் தொகுதியில் காங்கிரஸ் சின்னத்தில்தான் வென்றார். அப்போது அகாலிகளுக்கும் காங்கிரஸுக்கும் ஓர் உடன்பாடு இருந்ததால் பல அகாலிகள் அந்தச் சின்னத்தில் நின்றார்கள். இதைக் கட்சித் தாவல் என்று எழுதுவது சரியில்லை.

57 வாக்கில் தோற்றவர் இவர்தானா?

இவரேதான். 1967-இல் கிதர்பாகா தொகுதியில் ஹர்சரண் சிங் பிராரிடம் 57 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1969-இல் அதே தொகுதியில் வென்று, குர்னாம் சிங் அமைச்சரவையில் பஞ்சாயத்து, கால்நடை போன்ற துறைகளைப் பார்த்தார். பிரார் பின்னாளில், 1995-இல், காங்கிரஸ் முதலமைச்சரானார்.

இவ்வளவு சின்ன வயதில் 1970-இல் எப்படி முதலமைச்சர் ஆனார்?

அன்றைக்கு அகாலி அரசியலில் கடைசி வார்த்தை சந்த் ஃபதே சிங்குடையது. பஞ்சாபி மொழி பேசும் மாநிலத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவர். 1966 நவம்பர் 1 அன்று மாநிலமும் கிடைத்தது. அவருக்கும் முதலமைச்சர் குர்னாம் சிங்குக்கும் ஒத்துப்போகவில்லை. சொந்தக் கட்சியே கைவிட்டதால் குர்னாம் சிங்கின் ஆட்சி கவிழ்ந்தது. யாருக்கும் பெரிதாக எதிரி இல்லாத, ஊர்ப்புறத்திலிருந்து வந்த பாதலைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970 மார்ச் 27 அன்று பதவியேற்றபோது வயது 42. அந்தச் சமயத்தில் நாட்டிலேயே இளம் முதலமைச்சர் அவர்தான்.

ஆட்சி நீடிக்கவில்லை. கூட்டாளியான ஜனசங்கம் மொழிப் பிரச்சினையில் விலகியது, ஆட்கள் கட்சி மாறினார்கள், 1971 ஜூனில் முடிந்துபோனது. இந்தப் பதினைந்து மாதங்களைப் பற்றி அகாலிகள் பேச விரும்பாத ஒரு விஷயம் உண்டு. நக்சலைட்டுகளைப் போலீஸ் 'மோதலில்' சுட்டுக்கொல்லும் வழக்கம் பஞ்சாபில் அப்போது வேரூன்றியது. 1970 ஜூலையில் கொல்லப்பட்ட பாபா பூஜா சிங் எண்பது வயதைத் தாண்டிய முதியவர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பழைய 'கெதர்' (Ghadar) புரட்சி இயக்கக்காரர். பின்னாளில் போலீஸ் அத்துமீறலை எதிர்த்துப் பாதல் பேசும்போதெல்லாம் இடதுசாரிகள் இந்தப் பெயரை நினைவுபடுத்துவார்கள்.

அவசரநிலைக் காலத்தில் அவர் என்ன செய்தார்?

சிறையில் இருந்தார். பெரும்பாலான கட்சிகள் முடங்கிக் கிடந்தபோது அகாலிகள் 1975 ஜூலையில் அமிர்தசரஸில் ஜனநாயகக் காப்புப் போராட்டத்தைத் தொடங்கி, நெருக்கடி முடியும்வரை அணி அணியாகக் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அகாலி தளத்துக்கு இந்திய வரலாற்றில் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

1977-இல் ஃபரீத்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போய், மொரார்ஜி தேசாய் அரசில் வேளாண் அமைச்சரானார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, சட்டமன்றத் தேர்தல் வந்தது. 117 இடங்களில் அகாலி தளத்துக்கு 58. ஜனதாவைச் சேர்த்துக்கொண்டு ஜூனில் இரண்டாம் முறை முதலமைச்சர். மத்திய அமைச்சர் பதவி அவருக்கு எப்போதுமே பெரிதாகத் தெரியவில்லை. டெல்லிக்கு மருமகளைத்தான் பின்னாளில் அனுப்பினார்.

1980-இல் ஏன் ஆட்சி கலைக்கப்பட்டது?

குறிப்பிட்ட குற்றம் எதுவும் தேவைப்படவில்லை. மக்களவைத் தேர்தலில் வென்று திரும்பிய இந்திரா காந்தி, 1980 பிப்ரவரி 17 அன்று ஒரே நாளில் ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தார். பஞ்சாபில் பாதல் அரசு, தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு. எம்.ஜி.ஆர். சில மாதங்களிலேயே மக்களிடம் போய்ப் பதவியை மீட்டுக்கொண்டார். பாதலுக்கு 37 இடங்கள்தான் கிடைத்தன. மறுபடி முதலமைச்சர் ஆக அவர் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் பஞ்சாபில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

சட்லெஜ்-யமுனா கால்வாய் விஷயத்தில் அவர் உண்மையில் யார் பக்கம்?

காலத்தைப் பொறுத்தது. 1966-இல் மாநிலம் பிரிந்தபோது ஆற்றுநீர்ப் பங்கீடு தீராமல் நின்றது. ஹரியானாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இந்தக் கால்வாய்க்காக, பஞ்சாபில் நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தது 1978-இல், பாதல் ஆட்சியில். ஹரியானா கொடுத்த பணமும் வாங்கப்பட்டது. அப்போது ஹரியானா முதலமைச்சராக இருந்த தேவிலால் அவருடைய நெருங்கிய நண்பர். பாதலோடு தனக்கிருந்த உறவால்தான் நிலம் எடுப்பு நடந்தது என்று தேவிலால் ஹரியானா சட்டமன்றத்திலேயே சொன்னார். காங்கிரஸார் இதை நாற்பது ஆண்டுகள் மேடைதோறும் வாசித்தார்கள்.

அப்புறம் 1979-இல் பாதல் அரசே தண்ணீர்ப் பங்கீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 1982 ஏப்ரலில் இந்திரா காந்தி கபூரியில் கால்வாய்ப் பணியைத் தொடங்கிவைத்தபோது அதை எதிர்த்துப் போராடியவர்கள் அகாலிகள். 2016 மார்ச்சில், ஐந்தாம் முறை முதலமைச்சராக இருந்தபோது, எடுத்த நிலத்தை விவசாயிகளுக்கே திருப்பித் தரும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். உச்ச நீதிமன்றம் தலையிட்டது, ஆனால் அதற்குள் பல இடங்களில் விவசாயிகள் கால்வாயை மண்ணைப் போட்டு மூடத் தொடங்கிவிட்டார்கள். நிலத்தை எடுத்த கையும் திருப்பிக் கொடுத்த கையும் ஒன்றே. காவிரியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தெரியாது.

தீவிரவாத சீக்கியத் தலைவர் பிந்தரன்வாலே காலத்தில் பாதல் எந்தப் பக்கம்?

எந்தப் பக்கம் என்று அவரே அழுத்திச் சொல்லாத பக்கம். விதை அவர் ஆட்சியிலேயே விழுந்தது: 1978 ஏப்ரல் 13, வைசாகி நாள், அமிர்தசரஸில், மரபான சீக்கியர்கள் ஏற்காத நிரங்காரி என்ற பிரிவினரோடு நடந்த மோதலில் 13 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு ஹரியானாவுக்கு மாற்றப்பட்டு, 1980-இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அகாலிகள் மென்மையாக நடந்துகொண்டார்கள் என்ற கோபத்தின் மேல்தான் பிந்தரன்வாலே எழுந்தார்.

1982 ஆகஸ்டில் அகாலி தளத் தலைவர் லோங்கோவால் தலைமையில் தர்ம யுத்தப் போராட்டம் தொடங்கியது. பாதலும் அதில் கைதானார். 1984 தொடக்கத்தில், சீக்கியர்களை இந்துக்களோடு சேர்த்துச் சொல்லும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 25-ஐக் கொளுத்தும் போராட்டம் நடந்தது. அதிலும் பாதல் கைதானார். (அரசமைப்பு நகலைக் கொளுத்திச் சிறை போவது தி.மு.க.வினருக்கும் தெரிந்த வழிதான். 1986-இல் அதற்காகவே எம்.எல்.ஏ. பதவிகளை இழந்தார்கள்.) ஜூனில், பிந்தரன்வாலே தங்கியிருந்த பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அதன் பிறகு பாதல் மீண்டும் சிறைக்குப் போனார்.

துப்பாக்கியை அவர் ஆதரிக்கவில்லை, வெளிப்படையாக எதிர்த்து நிற்கவும் இல்லை. எதிர்த்து நின்ற லோங்கோவால், ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட 1985 ஜூலை 24-இலிருந்து ஒரு மாதத்துக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். பாதலும் குருத்வாரா கமிட்டித் தலைவர் டோராவும் அந்த ஒப்பந்தத்தை முதலில் எதிர்த்தவர்கள். ஒப்பந்தப்படி சண்டிகர் பஞ்சாபுக்கு வரவேயில்லை என்பதால் பின்னாளில் அவர்கள் சொன்னது சரி என்று ஆனது. முன்யோசனையா, தயக்கமா? இரண்டையும் அவரிடத்தில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

தமிழ்நாட்டு ஆளுநர் பர்னாலாவுக்கும் இவருக்கும் என்ன தகராறு?

லோங்கோவால் கொல்லப்பட்ட பிறகு நடந்த 1985 தேர்தலில் அகாலி தளம் 73 இடங்களில் வென்றது. முதலமைச்சர் ஆனவர் சுர்ஜித் சிங் பர்னாலா. 1986 ஏப்ரல் கடைசியில் அவர் பொற்கோயிலுக்குள் போலீஸை அனுப்பினார். அதைக் காரணம் காட்டி பாதலும் டோராவும் தங்கள் ஆட்களோடு பிரிந்தார்கள். பர்னாலா அரசு சிறுபான்மையாகி காங்கிரஸ் தயவில் ஓடி, 1987-இல் கலைக்கப்பட்டது.

நமக்கு பர்னாலாவை வேறு விதமாகத் தெரியும். 1991 ஜனவரியில் கருணாநிதி அரசைக் கலைக்க அறிக்கை தர மறுத்த ஆளுநர் அவர். தன் ஆட்சி கலைக்கப்பட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. அறிக்கை இல்லாமலேயே கலைத்தார்கள், அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் பதவி விலகினார். 2004-இல் மறுபடி சென்னைக்கு வந்து 2011 வரை இருந்தார். நேர்மையான மனிதர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாலும், பஞ்சாபில் ஆட்களைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வித்தை பாதலுக்குத்தான் தெரிந்திருந்தது.

பாதலின் பெரிய சாதனை எது? ஐந்து முறை முதலமைச்சர் ஆனதா?

என் கணக்கில் அது இல்லை. 1996 பிப்ரவரியில் மோகாவில் நடந்த மாநாடுதான்.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1992 தேர்தலை அகாலிகளின் பிரதான அணிகள் புறக்கணித்தன. வாக்குப்பதிவு சுமார் 24 சதவீதம். காங்கிரஸின் பியாந்த் சிங் ஆட்சிக்கு வந்தார். போலீஸ் தீவிரவாதத்தை நசுக்கியது. கூடவே எத்தனையோ அப்பாவி இளைஞர்களும் காணாமல் போனார்கள். 1995-இல் பியாந்த் சிங்கே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அகாலிகள் பல துண்டுகளாகக் கிடந்தார்கள். அதே 1995-இல் கிதர்பாகா இடைத்தேர்தலில் பாதலின் தம்பி மகன் மன்ப்ரீத் வென்றார். மக்கள் மறுபடி வாக்குச்சாவடிக்கு வரத் தயார் என்பது பாதலுக்குப் புரிந்தது.

மோகாவில் கட்சியின் முகத்தைத் திருப்பினார். சீக்கியர்களின் கட்சி என்றிருந்தது, பஞ்சாபிகள் எல்லாருக்குமான கட்சி என்றானது. பஞ்சாபியத் (மதம் கடந்த பஞ்சாபி அடையாளம்), அமைதி, இந்து-சீக்கிய ஒற்றுமை என்று பேசினார்கள். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் கான்ஷிராமின் பகுஜன் சமாஜோடு கூட்டு. 13-இல் 11 இடங்கள் கூட்டணிக்கு. முடிவு வந்ததும், அந்த 13 நாள் வாஜ்பாய் அரசுக்கு நிபந்தனையே இல்லாமல் ஆதரவு தந்தார். பா.ஜ.க.வை யாரும் தொடத் தயங்கிய நேரம் அது. 1997 சட்டமன்றத் தேர்தலை பா.ஜ.க.வோடு சந்தித்தார்கள்: அகாலிகள் 75, பா.ஜ.க. 18, காங்கிரஸ் 14.

இந்த உறவை அவர் நகமும் சதையும் என்று சொல்வார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அது நிலைத்தது. கிராமத்து சீக்கிய விவசாயியும் நகரத்து இந்து வியாபாரியும் ஒரே அரசில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்தை நிறுத்தி மதம் பார்த்துச் சுட்ட மண்ணில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. மனித உரிமை மீறல்களை விசாரிக்க உண்மை அறியும் ஆணையம் அமைப்போம் என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது சொன்னார்கள். ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. காணாமல் போனவர்களின் அம்மாக்கள் இன்றும் அதை மன்னிக்கவில்லை.

டோராவை ஏன் ஓரங்கட்டினார்?

குர்சரண் சிங் டோரா ஏறக்குறைய கால் நூற்றாண்டு குருத்வாரா கமிட்டித் தலைவராக இருந்தவர். எளிமையானவர், பிடிவாதக்காரர், சமய விஷயங்களில் பாதலைவிடக் கறாரானவர். 1998 கடைசியில் அவர், முதலமைச்சர் பதவியோடு கட்சித் தலைமையையும் பாதல் சுமக்க வேண்டுமா, ஒரு செயல் தலைவரைப் போடலாமே என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். 1999-இல் டோரா பதவி இழந்தார், அவருக்கு இணக்கமாக இருந்த அகால் தக்த் ஜத்தேதார் ரஞ்சித் சிங்கும் நீக்கப்பட்டார். கமிட்டித் தலைவராக பீபி ஜாகிர் கவுர் வந்தார். கால்சா என்ற சீக்கியச் சமய அமைப்பின் முந்நூறாவது ஆண்டு விழா ஆனந்த்பூர் சாகிபில் நடந்த ஆண்டு அது. விழாவுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டார் பாதல்.

அதன் பிறகு கமிட்டித் தலைவர் தேர்தல் என்றால் ஒரு 'லிஃபாஃபா' வரும் என்று பஞ்சாபில் கேலியாகச் சொல்வார்கள். அதாவது உறை. பாதல் எழுதிக்கொடுத்த பெயர் அதற்குள் இருக்கும், உறுப்பினர்கள் கைதட்டி ஏற்பார்கள். பிளந்த வாக்குகளோடு சந்தித்த 2002 தேர்தலில் தோற்றார். டோரா திரும்பி வந்து சமரசம் ஆனார், 2004-இல் இறந்தார். எதிர்த்துப் பேசக்கூடிய கடைசிப் பெரிய குரல் அவருடையது.

இலவச மின்சாரத்தைக் கொண்டுவந்தது அவர்தானா?

ஆமாம், 1997-இல். வயல் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் முழுக்க இலவசம். விவசாயிக்குப் பெரிய நிம்மதி, மாநிலக் கருவூலத்துக்குப் பெரிய சுமை. நெல் பஞ்சாபியரின் சாப்பாடே அல்ல. மத்தியத் தொகுப்புக்காக விளைவது. இலவச மின்சாரத்தில் ஓடிய மோட்டார்கள் நிலத்தடி நீரை உறிஞ்சித் தள்ளின.

இதைச் சரிசெய்ய அவர் அரசே 2009-இல் ஒரு சட்டம் போட்டது: ஜூன் 10-க்கு முன்னால் நடவு கூடாது. கொளுத்தும் மே மாதத்தில் நட்டுத் தண்ணீரை ஆவியாக்குவதைத் தடுக்கும் நல்ல நோக்கம். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இடையில் சில நாள்களே மிஞ்சின, அறுத்த வயலில் நிற்கும் நெல் தாளை எரிப்பதுதான் சுலபமான வழியாக இருந்தது. காற்று அசையாத நவம்பர் தொடக்கத்தில் அந்தப் புகை டெல்லியை மூடுகிறது. டெல்லிப் புகைமூட்டத்துக்குப் பாதல் காரணம் என்று சொன்னால் மிகை. அவருடைய ஒரு நல்ல சட்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்றால் உண்மை.

2007-க்குப் பிறகு கோதுமை மாவு கிலோ 4 ரூபாய், பருப்பு கிலோ 20 ரூபாய் என்ற ஆட்டா-தால் திட்டமும் வந்தது. அந்த ஆட்சிகளில் மின் உற்பத்தியைப் பெருக்கியதையும், ஆனந்த்பூர் சாகிபில் விராசத்-எ-கால்சா அருங்காட்சியகத்தை 2011-இல் திறந்ததையும் கட்சிக்காரர்கள் மறக்காமல் சொல்வார்கள்.

'சங்கத் தர்ஷன்' என்றால் என்ன?

முதலமைச்சர் கிராமத்துக்கே வந்து உட்கார்ந்து மனு வாங்கி, சந்துக்குச் சிமெண்டு, குளத்துக்குக் கரை, பள்ளிக்கு அறை என்று அந்த இடத்திலேயே பணம் ஒதுக்குவது. மனிதர் இதில் அபாரம். பத்தாண்டுக்கு முன் பார்த்தவரைப் பெயர் சொல்லி அழைப்பார், கடிந்து பேசமாட்டார், முடியாது என்று வாய்திறந்து சொல்லமாட்டார். செய்தாரா என்பது வேறு விஷயம். பட்ஜெட்டில் வர வேண்டிய பணம் முதல்வர் கையால் பிச்சையாகக் கொடுக்கப்படுகிறது என்று விமர்சித்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

குடும்ப அரசியல் எந்த அளவுக்கு?

2007-2017 ஆட்சியைப் பார்த்தால் போதும். அப்பா முதலமைச்சர், மகன் சுக்பீர் 2009-இலிருந்து துணை முதலமைச்சர், கட்சித் தலைவரும் அவரே. மருமகன் ஆதேஷ் பர்தாப் சிங் கைரோன் அமைச்சர் (பழைய காங்கிரஸ் முதலமைச்சர் பர்தாப் சிங் கைரோனின் பேரன்). மருமகள் ஹர்சிம்ரத் 2014 முதல் மத்திய அமைச்சர், அவருடைய தம்பி பிக்ரம் மஜீதியா மாநில அமைச்சர். தம்பி மகன் மன்ப்ரீத் நிதியமைச்சர். மானியத்தையும் கடனையும் பற்றிக் கணக்குக் கேட்ட அவரை 2010-இல் நீக்கினார்கள். குடும்பத்தில் கணக்குப் பார்த்த ஒரே ஆள் வெளியே போனார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மன்ப்ரீத் தொடங்கிய கட்சி 2012-இல் எதிர்ப்பு வாக்குகளைப் பிரித்து பெரியப்பாவுக்கே உதவியது. அகாலி 56, பா.ஜ.க. 12. 1966-க்குப் பிறகு ஆளுங்கட்சி மறுபடி வென்றது அதுவே முதல் தடவை. 84 வயதில் ஐந்தாம் முறை பதவியேற்றார்.

ஊழல் வழக்கு என்ன ஆனது?

காங்கிரஸ் முதலமைச்சர் அமரீந்தர் சிங் ஆட்சியில், 2003 டிசம்பரில், தந்தையும் மகனும் சொத்துக்குவிப்பு வழக்கில் கைதானார்கள். 2010-இல் மொஹாலி நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் பலர் பல்டி அடித்திருந்தார்கள். அப்போது முதலமைச்சர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2015-இல் என்ன நடந்தது?

கட்சியின் முதுகெலும்பு முறிந்தது அந்த ஆண்டு. ஃபரீத்கோட் மாவட்டத்தில் ஒரு கிராமத்து குருத்வாராவிலிருந்து குரு கிரந்த சாகிப் பிரதி திருடப்பட்டது. அக்டோபரில் பர்காரியில் அதன் கிழிந்த பக்கங்கள் தெருவில் கிடந்தன. சீக்கியர்களுக்கு அது புத்தகம் அல்ல, வாழும் குரு. போராடியவர்கள் மேல் அக்டோபர் 14 அன்று கோட்கபூராவிலும் பெஹ்பல் கலானிலும் போலீஸ் சுட்டது. பெஹ்பல் கலானில் இருவர் செத்தார்கள்.

இதற்குச் சில வாரங்கள் முன்புதான் சீக்கிய குருவை அவமதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட, தேரா சச்சா சவுதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கு அகால் தக்த் திடீரென்று மன்னிப்பு அளித்திருந்தது. அவருடைய ஆதரவாளர்களின் வாக்குக்காகப் பாதல் குடும்பம் செய்த ஏற்பாடு என்றே ஊர் நம்பியது. எதிர்ப்பு வலுத்ததும் மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டது. மூன்று சாவியும் ஒரே கையில் இருந்ததால், மூன்று இடத்துப் பழியும் ஒரே வாசலுக்கு வந்தது. கோட்கபூரா வழக்கில் 2023 பிப்ரவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பாதலின் பெயரும் இருந்தது. முன்ஜாமீன் வாங்கிய சில வாரங்களில் இறந்தார்.

பத்ம விபூஷணை ஏன் திருப்பிக் கொடுத்தார்?

2015-இல் பெற்றதை, மத்திய அரசின் வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 டிசம்பர் 3 அன்று திருப்பினார். பா.ஜ.க. கூட்டணியை விட்டு அகாலிகள் செப்டம்பரிலேயே விலகியிருந்தார்கள். ஹர்சிம்ரத்தும் பதவி விலகியிருந்தார். ஆனால் அந்தச் செப்டம்பர் தொடக்கத்தில்தான் இதே சட்டங்களை ஆதரித்து பாதலின் வீடியோ ஒன்று வந்திருந்தது. கிராமங்களில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் திரும்பினார்கள். அவரைப் போய் 'இந்தியாவின் நெல்சன் மண்டேலா' என்று மோடி 2015-இல் சொன்னபோது பஞ்சாபில் பலர் சிரித்தார்கள்.

கருணாநிதியோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடத் தூண்டும். இருவரும் 1957-இல் முதன்முதலாகச் சட்டமன்றம் போனவர்கள், ஐந்து முறை முதலமைச்சர்கள், மாநில உரிமை பேசியவர்கள், மகனைத் துணை முதலமைச்சர் ஆக்கியவர்கள். இருவரின் மகன்களும் துணை முதல்வரானது ஒரே 2009-இல். ஆனால் பாதல் எழுத்தாளரோ மேடைப் பேச்சாளரோ அல்ல. முக்கியமாக, கருணாநிதி தன் தொகுதியில் தோற்றதே இல்லை.

பாதல் கடைசியில் தோற்றாரா?

தோற்றார். 1997 முதல் லம்பி அவருடைய கோட்டை. 2017-இல் அங்கே வந்து மோதிய அமரீந்தர் சிங்கைக்கூட 22 ஆயிரம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார், ஆட்சியைத்தான் இழந்தார். 2022-இல் 94 வயதில் மறுபடி நிறுத்தினார்கள். ஆம் ஆத்மியின் குர்மீத் சிங் குடியான் 11 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வென்றார். சுக்பீரும் தோற்றார். கட்சிக்கு மொத்தம் மூன்றே இடங்கள். கௌரவமாக வீட்டில் உட்கார வேண்டிய வயதில் அவரை அலைய விட்டார்கள் என்று எதிர்க்கட்சிக்காரர்களே வருத்தப்பட்டார்கள்.

இப்போது அகாலி தளம் எப்படி இருக்கிறது?

2024 மக்களவைத் தேர்தலில் ஒரே இடம்: பட்டிண்டா, ஹர்சிம்ரத். அந்த டிசம்பர் 2 அன்று, 2015 சம்பவங்களுக்காக அகால் தக்த் சுக்பீருக்கும் மற்றத் தலைவர்களுக்கும் சமயத் தண்டனை விதித்தது. 2011-இல் பாதலுக்குத் தந்த 'பந்த் ரத்தன் ஃபக்ர்-எ-கவும்' பட்டத்தையும் இறந்தவரிடமிருந்து பறித்தது. கழுத்தில் அட்டை மாட்டி, கையில் ஈட்டியோடு பொற்கோயில் வாசலில் சேவை செய்துகொண்டிருந்த சுக்பீர் மேல் இரண்டு நாள் கழித்து ஒரு முன்னாள் தீவிரவாதி துப்பாக்கியை நீட்டினார். பாதுகாப்புப் போலீஸ்காரர் ஒருவர் தட்டிவிட்டதால் உயிர் தப்பினார்.

2025 ஏப்ரலில் சுக்பீரையே மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்டில், முன்னாள் ஜத்தேதார் ஞானி ஹர்ப்ரீத் சிங்கைத் தலைவராக்கி அதிருப்தியாளர்கள் தனி அணி அமைத்தார்கள். தாங்கள்தான் உண்மையான அகாலி தளம் என்று இரண்டு தரப்பும் சொல்கின்றன.